கோடைக்கானல் மலையில் மாண்டிசோரி அம்மையார்

மாண்டிசோரி என்பது ஒருவகைப் பள்ளிக்கூடத்தின் பெயர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஒரு பெண்ணின் பெயர்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. மூன்று வயதுப் பிள்ளையை எங்கே சேர்க்கலாம் என்று நாலு பேரை விசாரித்தால், ஒருவராவது இந்தப் பெயரைச் சொல்லிவிடுவார். பெயர்ப் பலகையில் அதைப் போட்டுக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆகவே ஊருக்கு ஊர் மாண்டிசோரி பள்ளிகள் இருக்கின்றன. நல்லவையும் உண்டு. நாலு சுவருக்குள் பிள்ளைகளை உட்காரவைத்து, எழுத்தை மனப்பாடம் செய்யச் சொல்லுகிறவையும் உண்டு.

அந்தப் பெயருக்கு உரிய அம்மையார் இத்தாலி நாட்டில் பிறந்தவர். டாக்டர் பட்டம் பெற்றவர். தமிழ்நாட்டிலே பல ஆண்டுகள் வாழ்ந்தவர். எதிரி நாட்டுக்காரர் என்று வெள்ளைக்கார சர்க்கார் கண்காணித்து வந்த காலத்தில், கோடைக்கானல் மலையிலே செடிகொடிகளுக்கு நடுவே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்.

பிணத்துடன் தனியாக

மரியா மாண்டிசோரி 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி, இத்தாலியில் கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர். தாயார் புத்தகம் படிப்பதில் ஆசை உள்ளவர். மரியாவுக்கு 5 வயதாக இருக்கும்போது குடும்பம் ரோம் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது.

பெண்கள் டாக்டருக்குப் படிப்பது அந்தக் காலத்தில் அதிசயம். மரியா அதற்கே போவேன் என்று பிடிவாதமாக நின்றார். தகப்பனாருக்கு அது பிடிக்கவில்லை. தாயார் மகள் பக்கம் நின்றார்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு வேறொரு தொல்லை. டாக்டர் படிப்பில் பிணத்தை அறுத்துப் பார்க்க வேண்டும். ஆண் மாணவர்களோடு ஒரு பெண்ணும் நின்று உடையில்லாத பிணத்தைப் பார்ப்பது முறையல்ல என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே மற்ற மாணவர்கள் போன பிறகு, மரியா மட்டும் தனியாகப் பிணத்துடன் இருந்து பாடம் படித்தார். நாற்றம் தாங்காமல் புகையிலையைப் புகைத்துக்கொண்டு வேலை செய்தார்.

1896-ம் ஆண்டு டாக்டர் பட்டம் வாங்கினார். இத்தாலியில் அந்தப் பட்டம் பெற்ற முதல் சில பெண்களில் அவர் ஒருவர்.

தரையில் கிடந்த ரொட்டித் துகள்

படித்து முடித்ததும், மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அந்தப் பிள்ளைகளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில், பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். வெறும் அறை. விளையாட ஒரு பொம்மை கிடையாது. தொட்டுப் பார்க்க ஒரு பொருள் கிடையாது.

சாப்பாடு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் தரையில் தவழ்ந்து, சிந்திக் கிடந்த ரொட்டித் துகளைப் பொறுக்குவார்கள். அது பெருந்தீனிப் புத்தி என்று அங்கிருந்த வேலைக்காரி வெறுப்புடன் சொன்னாள். மரியா உற்றுப் பார்த்தார். பிள்ளைகள் அதைத் தின்னவில்லை. விரலால் உருட்டிப் பார்த்தார்கள். அந்த அறையில் கைக்கு அகப்படும் பொருள் அது ஒன்றுதான்.

வயிற்றுப் பசியைப் போலக் கைக்கும் கண்ணுக்கும் பசி உண்டு என்பது அந்த இளம் டாக்டருக்கு அங்கே விளங்கியது. மண்ணைக் கிளறும் பிள்ளையை அதட்டும் முன்பு நாமும் இந்த ரொட்டித் துகளை நினைத்துப் பார்க்கலாம்.

தொட்டும் தடவியும் கற்கும்படி சாமான்களைச் செய்துகொடுத்தார். எதற்கும் உதவாது என்று தள்ளப்பட்ட பிள்ளைகளில் சிலர், மற்றப் பிள்ளைகளோடு பரீட்சை எழுதித் தேறினார்கள். ஊர் வியந்தது. மரியா வேறுவிதமாக யோசித்தார். இவர்களே இவ்வளவு கற்க முடியுமானால், நல்ல உடலும் மூளையும் உள்ள பிள்ளைகளை நம் பள்ளிக்கூடங்கள் என்ன பாடு படுத்துகின்றன என்று கேட்டார்.

பெற்ற பிள்ளை

இந்த இடத்தில் அவருடைய சொந்த வாழ்க்கையைச் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் அடையாறில் நடந்தது புரியாது.

உடன் வேலை பார்த்த டாக்டர் மாண்டசானோவை மரியா நேசித்தார். கல்யாணம் நடக்கவில்லை. 1898-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி ஆண் குழந்தை பிறந்தது. மரியோ என்று பெயர். கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவள் என்று தெரிந்தால், அந்தக் காலத்து இத்தாலியில் அவருக்கு வேலையும் இல்லை, மரியாதையும் இல்லை. குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தில் வளர்க்கக் கொடுத்தார்கள். மரியா அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவார். தாய் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்.

மாண்டசானோ வேறொரு பெண்ணை மணந்துகொண்டார்.

மரியாவின் தாயார் 1912-ம் ஆண்டு இறந்தார். அதற்குப் பிறகே மகன் தாயிடம் வந்து சேர்ந்தான். அப்போது அவனுக்குச் சுமார் 15 வயது. அப்போதும் வெளியாருக்கு அண்ணன் மகன் போல, உறவுப் பையன் என்றுதான் சொல்லி வந்தார்கள். உலகத்துப் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று சொல்லிக்கொடுத்த அம்மையாருக்குத் தம் பிள்ளையை வளர்க்கும் பாக்கியம் இல்லாமல் போயிற்று. அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. பழியில் பெரும்பங்கு அந்தக் காலத்து ஊர் வாய்க்குத்தான் சேர வேண்டும்.

குழந்தைகள் வீடு

ரோம் நகரத்தில் சான் லோரன்சோ என்பது ஏழைகள் பகுதி. அங்கே ஒரு கம்பெனி பழைய கட்டடங்களைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டது. தாய் தகப்பன் வேலைக்குப் போன பிறகு, பிள்ளைகள் சுவரெல்லாம் கிறுக்கிப் பாழாக்கினார்கள். சுவரைக் காப்பாற்றுவதற்காகவே, பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்படி கம்பெனிக்காரர்கள் அம்மையாரைக் கேட்டார்கள். 1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி அந்த இடம் திறக்கப்பட்டது. குழந்தைகள் வீடு என்று பெயர். 50 பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்தார்கள்.

குட்டி நாற்காலி, குட்டி மேஜை, கைக்கு எட்டும் உயரத்தில் அலமாரி. பிள்ளைகள் தாங்களே எடுத்து, தாங்களே செய்து, தாங்களே திரும்ப வைத்தார்கள். அடி இல்லை. பரிசும் இல்லை. சில மாதங்களில் எழுதவும் தொடங்கிவிட்டார்கள். உலகம் முழுவதும் அதைப் பற்றியே பேச்சு. 1909-ம் ஆண்டு அம்மையார் எழுதிய புத்தகம் பல மொழிகளில் வெளிவந்தது.

அந்த மரச்சாமான்கள் புகழ் பெற்ற அளவுக்கு, அதே புத்தகத்தில் தோட்டத்தையும் பிராணிகளையும் பற்றி எழுதிய பகுதி புகழ் பெறவில்லை.

பிள்ளைக்குத் தனியாக ஒரு பாத்தி கொடுக்க வேண்டும் என்றார் அம்மையார். விதை போட்டவன் மறுநாளே செடியை எதிர்பார்ப்பான். வராது. காத்திருக்கக் கற்றுக்கொள்வான். தண்ணீர் ஊற்ற மறந்தால் செடி வாடும். கோழிக்குத் தீனி வைக்க மறந்தால் அது பட்டினி கிடக்கும். வாத்தியார் அதட்ட வேண்டிய அவசியமே இல்லை. தன்னை நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்று நாலு வயதுப் பிள்ளை தானே உணர்ந்துகொள்ளும்.

மழைத் தூறலுக்குப் பயந்து பிள்ளையைப் பூட்டி வைப்பதும், ஈரப் புல்லில் கால் வைக்காதே என்பதும் அவருக்குப் பிடிக்காது. இரண்டு வயதுப் பிள்ளை ஒரு மைல், இரண்டு மைல்கூட நடக்கும் என்றார். ஆனால் நம் வேகத்தில் நடக்காது. எறும்பைக் கண்டால் நிற்கும். பூவைக் கண்டால் குந்தும். பெரியவர் அதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நமக்கு அவசரம், ஆகவே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுகிறோம். நடக்க முடியாத பிள்ளை என்று பெயரும் வைத்துவிடுகிறோம். இதற்குக் காசு செலவில்லை. நேரம்தான் செலவு. அதனால்தானோ என்னவோ, சாமான்களை வாங்கிய பள்ளிகள்கூட இதை வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் சொன்னதெல்லாம் நமக்கு ஒத்துவரும் என்பதில்லை. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தேவதைக் கதை சொல்லக் கூடாது, உண்மையையும் பொய்யையும் குழப்பிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. நம் ஊர்ப் பாட்டிமார் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நாடு விட்டு நாடு

இத்தாலியில் முசோலினி சர்வாதிகாரி ஆனான். 1924 முதல் அவன் அம்மையாரின் பள்ளிகளை ஆதரித்தான். அம்மையாரும் அந்த ஆதரவை ஏற்றுக்கொண்டார். அது அவர் வாழ்க்கையில் ஒரு கறைதான். ஆனால் பிள்ளைகளைச் சிப்பாய்களாக்கும் திட்டத்துக்கு அவர் வளையவில்லை. 1934-ம் ஆண்டில் உறவு முறிந்தது. இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் ஹிட்லர் சர்க்காரும் மூடிவிட்டது.

ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனாவில் வாழ்ந்துவந்தார். 1936-ம் ஆண்டு அங்கே உள்நாட்டு யுத்தம் மூண்டது. பிரிட்டிஷ் யுத்தக் கப்பலில் ஏறித் தப்பினார். பிறகு ஹாலந்து.

காந்தியடிகள் 1931-ம் ஆண்டு லண்டன் போயிருந்தபோதே அம்மையாரைச் சந்தித்திருந்தார். இந்தியாவில் அவர் பெயர் நன்றாகத் தெரியும். சென்னை அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும், அவர் மனைவி ருக்மணி தேவியும் அழைத்தார்கள். 1939-ம் ஆண்டு கடைசியில் அம்மையார் மகன் மரியோவுடன் சென்னை வந்தார். சில மாதம் இருந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. மரியோவின் பிள்ளைகள் 4 பேரும் ஹாலந்திலேயே இருந்தார்கள்.

அடையாறில் 300 பேருக்கு மேல் பாடம் கேட்க வந்துவிட்டார்கள். அவ்வளவு பேருக்குக் கட்டடம் ஏது? தோப்பில் கீற்றுக் கொட்டகை போட்டார்கள். அம்மையார் இத்தாலி மொழியில் பேசுவார். மரியோ பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்வார்.

வைஸ்ராயின் தந்தி

1940 மே மாதம் ஹிட்லர் படை ஹாலந்தைப் பிடித்தது. பேரப்பிள்ளைகள் அங்கே அகப்பட்டுக்கொண்டார்கள். ஜூன் 10-ந் தேதி இத்தாலியும் யுத்தத்தில் குதித்தது. ஒரே நாளில் அம்மையாரும் மகனும் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள்.

மரியோவைப் பிடித்து அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையார் பிரம்மஞான சபை எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. வயது 70 ஆகப் போகிறது. அந்நிய தேசம். பாஷை தெரியாது. வாயாகவும் செவியாகவும் இருந்த மகன் சிறையில்.

ஆகஸ்டு 31-ந் தேதி அவருடைய 70-வது பிறந்த நாள். அன்றைக்கு வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக அவருடைய மகனைத் திருப்பி அனுப்புவதாக அதில் கண்டிருந்தது.

உறவுப் பையன், வளர்ப்புப் பிள்ளை என்று ஏதேதோ சொல்லி மூடி வைத்திருந்த உறவு. அதைச் சர்க்காரே மகன் என்று எழுதிவிட்டது. இரண்டு மாதச் சிறைக்குப் பிறகு மரியோ அடையாறுக்குத் திரும்பி வந்தார். அப்போது அவருக்கு 42 வயது.

மலைக்குப் போனார்கள்

யுத்தம் முடியும்வரை நாட்டை விட்டுப் போக முடியாது. பயிற்சி வகுப்புக்காக மட்டும் வெளியூர் போக அனுமதி உண்டு. சென்னை வெயில் அம்மையாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1942-ம் ஆண்டு தாயும் மகனும் கோடைக்கானல் போய்ச் சேர்ந்தார்கள்.

ஃபேர்லேண்ட்ஸ்காரர்களுக்கு ஏற்காடு எப்படியோ, மதுரை, திண்டுக்கல்காரர்களுக்குக் கோடைக்கானல் அப்படி. ஆனால் ஏற்காட்டை விடச் சுமார் 2,000 அடி உயரம் அதிகம். சோலைக் காடுகள், ஓடைகள், பெரிய ஏரி. கல்லுக்குக் கல் பாசி. அடிக்கு அடி வெவ்வேறு இலை.

அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடம் அமைந்தது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்தினா என்ற ஆசிரியை அதைப் பார்த்துக்கொண்டார். பலதரப்பட்ட பிள்ளைகள். வயதும் ஒன்றல்ல. சின்னவர்களும் பெரியவர்களும் ஒரே கூட்டமாக இருந்தார்கள்.

அதுவரை அம்மையாரின் புகழெல்லாம் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பற்றியது. அவருடைய பள்ளிகள் பட்டணத்துப் பள்ளிகள். தோட்டம் என்றால் முற்றத்தில் சில பாத்திகள். இங்கே வாசல்படியை விட்டு இறங்கினால் மலை. பாத்தி கட்டி இயற்கையைக் கொண்டுவந்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

பிள்ளைகள் கூட்டமாக நடக்கப் போவார்கள். இலை, பூ, காய், கல் என்று கை நிறையத் திரும்புவார்கள். நீரில் நெளியும் பூச்சியைப் பாத்திரத்தில் விட்டு வைத்துப் பார்ப்பார்கள். பிறகு கேள்விகள். இந்த இலை ஏன் பல் பல்லாக இருக்கிறது? இது ஏன் இதயம் போல இருக்கிறது? இந்த வேர் ஏன் வெளியே தொங்குகிறது? மரியோவும் ஆசிரியையும் அந்தக் கேள்விகளுக்கு ஏற்பப் படங்கள் வரைந்தார்கள். இலை வடிவங்களையும் செடியின் பாகங்களையும் காட்டும் அட்டைகளைச் செய்தார்கள். இன்றும் உலகத்தின் பல மாண்டிசோரி பள்ளிகளில் பிள்ளைகள் எடுத்துப் பார்க்கும் இலை வடிவ அட்டைகளுக்கும் கோடைக்கானலுக்கும் இப்படி ஒரு சொந்தம் உண்டு.

பெரிய பிள்ளைகளுக்காகச் சொன்ன தாவரப் பெயர்களைச் சின்னப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். வாயில் நுழையாத பெயர் என்று நாம் நினைப்பது நாலு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டு. ஆனால் ஒன்று. கையில் இலை இருந்தது, பிறகே பெயர் வந்தது. பெயரை மட்டும் மனப்பாடம் செய்யவைத்திருந்தால் அடுத்த வாரமே மறந்துபோயிருக்கும்.

பவளப் பூச்சியின் வேலை

அம்மையார் பார்த்துக்கொண்டே இருந்தார். பிள்ளை ஓர் இலையோடு நிற்பதில்லை. இலையைத் தின்னும் புழு, புழுவைத் தின்னும் பறவை, மரத்துக்கு வேண்டிய மழை, மழையைத் தரும் கடல் என்று கேள்வி விரிந்துகொண்டே போகும். ஆகவே உலகம் முழுவதையும் ஒரே கதையாகச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. இந்தப் பிரபஞ்சத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது என்பதே அந்தக் கதையின் சாரம். தேவதைக் கதை வேண்டாம் என்ற அம்மையார், அதை விடப் பெரிய கதையைக் கண்டுபிடித்துவிட்டார்.

அவர் விரும்பிச் சொன்ன உதாரணம் பவளப் பூச்சி. ஆறுகள் மலையைக் கரைத்துச் சுண்ணாம்புச் சத்தைக் கடலுக்குக் கொண்டுபோகின்றன. அது சேர்ந்துகொண்டே போனால் கடல்நீர் என்ன ஆவது? பவளப் பூச்சிகளும் சிப்பிகளும் அந்தச் சத்தை எடுத்துத் தங்களுக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அவை தங்கள் வயிற்றுப்பாட்டைத்தான் பார்க்கின்றன. ஆனால் கடல் சமநிலையில் இருக்கிறது. காவிரி கண்ட சேலம், நாமக்கல் பிள்ளைகளுக்கு இதை விளக்கப் புத்தகமே வேண்டாம். ஆற்றங்கரையில் நின்று, இந்தத் தண்ணீர் எதைச் சுமந்துகொண்டு போகிறது என்று கேட்டால் போதும்.

வெளியே விளையாடும் பிள்ளைக்கு வேறு நன்மையும் உண்டு என்று இன்றைய கண் டாக்டர்கள் சொல்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. அம்மையார் காலத்தில் இந்த ஆராய்ச்சி இல்லை. அவர் பார்த்தது பிள்ளைகளின் முகத்தை.

கடைசி நாட்கள்

1944-ம் ஆண்டில் கட்டுப்பாடு தளர்ந்தது. இலங்கைக்குப் போய்ப் பாடம் நடத்தினார். யுத்தம் முடிந்த பிறகு, 1946-ம் ஆண்டு ஐரோப்பா திரும்பினார். பேரப்பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள்.

ஆனாலும் இந்தியாவை விட முடியவில்லை. 1947-ல் மறுபடியும் வந்தார். மலையில் முற்றிய எண்ணங்களும் இந்தியாவில் செய்த சொற்பொழிவுகளும் புத்தகங்களாயின. அவற்றில் சிலவற்றை முதலில் அச்சிட்டு வெளியிட்ட ஊர் அடையாறு. சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு 1949, 1950, 1951 ஆகிய 3 ஆண்டுகளிலும் அவர் பெயரைச் சிபாரிசு செய்தார்கள். பரிசு கிடைக்கவில்லை.

1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி, ஹாலந்து நாட்டில் நூர்ட்விக் என்ற கடற்கரை ஊரில் அவர் காலமானார். வயது 81. ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதைப் பற்றி அப்போது மகனோடு பேசிக்கொண்டிருந்தார். இந்த உடம்போடு போக வேண்டாமே என்பது மகனின் கவலை. இறந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள்.

இத்தாலி சர்க்கார் 1990-ம் ஆண்டு 1,000 லிரா நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது. அம்மையாரின் வேலையை மரியோ தொடர்ந்து நடத்தினார். 1982-ம் ஆண்டு இறக்கும்வரை நடத்தினார்.